இரங்கலுரையில் ஒரு வரி

கழகக் கொடியை எந்தப் பக்கம் மேலாக விரிப்பது என்று முனாப் நானாவுக்குக் குழப்பம். பெட்டியின் காலடியில் நின்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். சஞ்சீவனி ஒரு முனையைப் பிடித்து, அப்பாவின் இடுப்பு வரை இழுத்துவிட்டாள்.

"இதுக்கு மேல வேணாம் நானா. அம்மா மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும்கிறாங்க."

முனாப் நானா உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். இருபது வருடம் அப்பாவோடு மைதானத்தில் நின்றவர். கொடியின் சுருக்கத்தை நீவிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார்.

"மூணு மணிக்குத் தூக்க முந்தி வாசிக்கோணும் மகள். ஒருக்கா பாருங்க. பிழை ஈந்தா திருத்துங்க."

அவள் அதைச் சமையலறை வாசலில் நின்று படித்தாள். மஹய்யாவவில் பிறந்த வீரசிங்கம், மாநகரசபையில் வேலை பார்த்துக்கொண்டே பதினான்கு வருடம் மத்தியகளத்தில் ஆடியவர். கோல் அடித்துப் பெயர் வாங்கியவரல்ல. அடிப்பவனின் காலுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். எண்பத்தொன்பதில் தேசிய அணித் தேர்வுக்குக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று ஊரடங்கு. பஸ் கடுகண்ணாவையோடு நின்றுவிட்டது. சப்பாத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டிக்கு நடந்தே திரும்பி வந்தார். மறுபடி அழைப்பு வரவில்லை. பிறகு கோச் ஆனார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசிக்கு முந்திய வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

'இருபது வருடப் பயிற்சியில் ஒரு பிள்ளை மீதும் கை வைத்தறியாதவர்.'

தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன், ஓர் அரையிறுதி ஆட்டத்தின் இடைவேளை. தகரக் கொட்டகைக்குள் பையன்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சஞ்சீவனி வாசலில் தண்ணீர் போத்தல்களோடு நின்றாள். அணிப் பட்டியல் எழுதுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவள் வேலை. அப்பா மத்தியகளத்துக்கென்றே தயார் செய்த சுஜந்தன் அன்று மூன்று தடவை பந்தை எதிரணியிடம் பறிகொடுத்திருந்தான். அப்பா ஏதோ கேட்டார். அவன் தலை நிமிராமல், "கால் நோகுது சேர்" என்றான். அப்பாவின் கை எப்படி எழுந்தது என்று தெரியவில்லை. மற்றப் பையன்கள் அதற்குள் எழுந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தார்கள். அறை விழுந்த சத்தம் தகரத்தில் பட்டுத் திரும்பியது. இடது காதைப் பொத்திக்கொண்டு சுஜந்தன் பெஞ்சில் சாய்ந்தான்.

கழகம் மூன்று பேரை வைத்து விசாரித்தது. விசாரணைக்கு முதல்நாள் இரவு அம்மா அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாள். "அந்த மனுசன் சம்பாரிச்சது அந்தப் பேரு ஒண்ணுதான்டி. ஒன் வாயிலதான் இருக்கு." அப்பாவோ காலையில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "பாத்ததச் சொல்லு" என்றார், அவ்வளவுதான். விசாரணையில் அவள் சொன்னாள்: அப்பா கையை ஓங்கினார், அடிக்கவில்லை. முதல் பாதியிலேயே பந்து பட்டு சுஜந்தன் காதைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்றும் சேர்த்தாள்.

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை, அடித்தேன் என்று சொல்ல அவருக்கு அன்று நிறைய நேரம் இருந்தது.

கழகம் அவர் மீது குற்றமில்லை என்றது. மூன்றாவது வாரம் அவராகவே கழகத்தை விட்டு விலகினார். காரணம் சொல்லவில்லை. அதன் பிறகு மகளோடு மழை, பஸ், மருந்து தவிர வேறெதுவும் பேசியதில்லை. இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் முச்சக்கர வண்டிக்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

"சஞ்சீ." அம்மா பரிமளம் பெட்டியின் தலைமாட்டிலிருந்து கூப்பிட்டாள். கண்ணால் வாசலைக் காட்டினாள். "அவன் எதுக்கு வந்திருக்கான்?"

வெள்ளைச் சட்டையில் சுஜந்தன் நின்றான். உயர்ந்து, முகம் ஒடுங்கிப்போயிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கும்பிடவில்லை, அழவுமில்லை. கொடியைத் தொடாமல் வெளியே போனான்.

சஞ்சீவனி அவன் பின்னாலேயே ஒழுங்கைக்கு இறங்கினாள். மதில் ஓரம் ஒதுங்கி நின்றவனிடம் போய்ச் சொன்னாள்:

"தம்பி, அன்னிக்கு நான் சொன்னது பொய்."

அவன் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்தபடி நின்றான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கோபம் என்று நினைத்தாள். பிறகுதான் புரிந்தது, அவள் நின்றது அவனுடைய இடது பக்கம். இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த வார்த்தையை இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. சுற்றி வந்து, வலது பக்கம் நின்று, மறுபடியும் சொன்னாள்.

அவன் திரும்பினான்.

"எனக்குச் சொல்லி என்ன அக்கா? எனக்குத் தெரியும்தானே."

"கேக்கவே இல்லியா அந்தக் காது?"

"இரையும். சில நேரம்." பெருவிரலால் மதிலின் பாசியைச் சுரண்டினான். "அது பரவாயில்லை. அண்டைக்கு விசாரணை முடிஞ்சு வரேக்க, 'ஒரு மனுசனை நாசமாக்கப் பாத்தனியே' எண்டு என்ர அப்பா கேட்டவர். இப்பவும் அவர் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறார். நான் என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"பந்து வர முதல் நிமிந்து பார் எண்டு பழக்கினது அவர்தானே." குரல் உடைந்தது. "எனக்கே விளங்கேல்ல அக்கா, ஏன் வந்தனான் எண்டு."

அவள் விறுவிறுவென்று படியேறினாள். முற்றத்தில் முனாப் நானா கழகத்துப் பிள்ளைகளோடு கதிரைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"நானா, இந்த ஒரு வரிய வாசிக்காதீங்க."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "என்ன மகள் இது? அடிக்கல்ல என்டு அன்டைக்கு நீங்கதானே சொன்ன?"

"அடிச்சாரு. நான் பாத்தேன். விசாரணைல பொய் சொன்னேன்."

கதிரை நகர்த்திய சத்தம் நின்றது. முனாப் நானா குரலைத் தாழ்த்தினார். "இப்ப வாணாம். மையத்து ஊட்டுக்குள்ள ஈக்கிது. எல்லாம் முடிய விட்டுப் பேசுவோம்."

"முடிஞ்ச பிறகு எனக்குத் தைரியம் வராது நானா."

கேட்டுக்கொண்டே அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. "இன்னிக்குத்தானா ஒனக்கு வாய் தொறந்திச்சி? அவரு காதுல விழாதுங்கிற தைரியமா?"

அம்மா சொன்னதில் உண்மை இருந்தது. சஞ்சீவனி முனாப் நானாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவர் கையிலிருந்த இரங்கலுரைத் தாளை வாங்கித் திருப்பி, கதிரையின் முதுகில் வைத்து எழுதினாள். தகரக் கொட்டகை, அறை, தான் சொன்ன பொய். நாலே வரி. கீழே தன் பெயரை எழுதினாள். திகதியும் போட்டாள்.

சுஜந்தன் ஒழுங்கைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தாளை அவனிடம் நீட்டினாள். அவன் வாய்க்குள் படித்தான். மதில் மேல் விரித்து, ஃபோனை எடுத்துப் படம் பிடித்து, உடனே அனுப்பினான். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. தாளைக் கொண்டுவந்து முனாப் நானாவிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனான்.

மூன்று மணிக்கு முனாப் நானா ஒலிவாங்கியின் முன் நின்றார். கடுகண்ணாவையிலிருந்து நடந்து வந்ததைச் சொல்லும்போது பலர் அழுதார்கள். கடைசிக்கு முந்திய வரியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "நல்லா வெளயாடின மனிசன்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியைத் தூக்கினார்கள். சித்தப்பா பழனியாண்டி கொள்ளிச் சட்டியோடு முன்னே நடந்தார். மேளச் சத்தம் மயானப் பாதையில் இறங்கித் தேய்ந்தது.

பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். அம்மா தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். சேலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சஞ்சீவனி துவாயொன்றைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டாள்.

அம்மா அதைத் தள்ளிவிடவில்லை. இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் இல்லை. அது மெல்ல ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது.