ஹோல்ராய்டு துரையின் லாய வாசல்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். இப்படிச் சத்தியம் செய்யாமல் தொடங்கினால் யார்க்‌ஷயரில் என்னை யாரும் நம்புவதில்லை.

ஹோல்ராய்டு துரை தம் மாளிகைக்குப் பின்னால் புது லாயம் கட்டினார். குதிரைகளுக்குப் பளிங்குத் தொட்டி, மேலே மணிக்கூண்டு, கல் பாவிய முற்றம். சாரட்டுக் கொட்டகையின் மாடியில், மழை ஒழுகும் அறைகளில், வண்டியோட்டி ஜேபஸும் மனைவி கெஸியாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். முற்றத்துக்கு ஒரே வாசல். இத்தாலிய பாணியில் கல் வளைவு. லண்டனிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் சாரட்டை அங்குலம் பிசகாமல் அளந்து அதைக் கட்டியிருந்தார். சாரட்டின் மேல் ஓர் ஆள் உட்காருவான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் எப்போதும் உள்ளே உட்கார்ந்தே போனவர்.

வாசலை உயர்த்த முடியுமா என்று ஜேபஸ் துரையிடம் கேட்டான். கல்லில் கைவைக்க முடியாது என்றார். வெளியே வந்து ஏறிக்கொள்ளட்டுமா என்றதற்கு, தாம் பார்க்க நிற்பதே வண்டி வாசலைத் தாண்டும் அழகைத்தான் என்றார். குனிந்து ஓட்டட்டுமா என்றான். தம் குடும்பச் சின்னம் குத்திய தொப்பியோடு முதுகை வளைக்கிறவன் அன்றே வெளியேறலாம் என்றார்.

திறப்பு விழாக் காலையில் கெஸியா அவன் கழுத்துப் பொத்தானை மாட்டினாள்.

"கொஞ்சம் குனிஞ்சுதான் தொலையேன்யா. அந்த மனுசனுக்கு அவ்வளவு தூரம் தெரியவா போகுது?"

"தெரியும்டி. குனிஞ்சா வேலை போகும், கூடவே இந்த வீடும் போகும். நிமிர்ந்தா தலை மட்டும்தான். உங்களுக்குக் கூரையாவது மிஞ்சும்."

"ஒழுகுற கூரைக்கு உன் தலையாய்யா?" என்றவள் பொத்தானைப் போட்டு முடித்தாள்.

நான்கு குதிரைகளும் துள்ளோட்டத்தில் வந்தன. ஜேபஸ் நிமிர்ந்திருந்தான். வளைவைத் தாண்டிய பிறகும் நிமிர்ந்துதான் இருந்தான், கழுத்துவரை. கைகள் கடிவாளத்தை விடவில்லை. மாளிகைப் படிக்கு நேராக, ஒரு குதிரையும் முன்பின்னாகாமல் வண்டியை நிறுத்தினான். விருந்தினர்கள் கைதட்டினார்கள். துரை இறங்கி வந்து மேலே பார்த்தார்.

"தொப்பி எங்கடா?"

ஜேபஸ் பதில் சொல்லவில்லை. எஜமானுக்குப் பதில் சொல்லாததும் குற்றத்தில் சேர்ந்தது. அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். சனிக்கிழமை, கொட்டும் மழையில், கெஸியாவும் பிள்ளைகளும் ஏழைகள் விடுதிக்கு நடந்து போனார்கள்.

அந்த லாயம் கட்டிய நாளிலிருந்து துரை மோட்டார் வாங்கிய நாள்வரை அங்கே வண்டியோட்டியாக இருந்தவன் நான் ஒருவன்தான். ஜேபஸ் என்று எவனும் இருந்ததில்லை, என் நாக்கும் இன்னும் அழுகவில்லை.