கூடிப்போன ஒரு ‘ம்’

ஒலிப்பதிவுக்கூடத்தின் கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த பெரியவளின் கண்ணில் முதலில் பட்டது தங்கையின் கால்கள்தான். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு பாதத்தை இன்னொரு பாதத்தின்மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள் சின்னவள். சுவரொட்டியிலும் சோப்பு உறையிலும் சிரித்து, அம்மாக்களையும் பிறகு அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் ஆடவைத்த பாடகி. பயம் வந்தால் மட்டும் இன்னும் சின்ன வயதில் தேய்த்த அதே தேய்ப்பு. பெரியவளுக்குச் சிரிப்பு முட்டியது. கோபமாகவே இருப்பது என்று முடிவுசெய்துகொண்டு வந்திருந்ததால் அடக்கிக்கொண்டாள்.

அந்தக் கோபத்துக்கு வயது நாற்பது. சண்டை என்று ஒன்றும் நடந்ததில்லை. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து உண்டு, தொலைபேசியில் மருந்து மாத்திரை விசாரிப்பு உண்டு. ஆனால் தங்கையின் ஒரு கச்சேரிக்குக்கூட அவள் போனதில்லை. இன்றைக்கும், “கடைசி ஆல்பம்க்கா. ‘கடைசி வண்டி’ய மறுபடியும் பாடச் சொல்றாங்க. நீ சும்மா வந்து உக்காரு, போதும்” என்று கெஞ்சியதால்தான் தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

சின்ன வயதில் அவர்களுக்கு ஒற்றை அறை வீடு. அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் ராத்திரி வேலை. விளக்கை அணைத்ததும் சின்னவள் ஆரம்பித்துவிடுவாள்.

“அம்மா வருமா?”

“வரும்மா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். ஒரு கட்டத்தில் பெரியவள் தூங்கிப்போவாள். வாய் மட்டும் விழித்திருந்து பதில் சொல்லும். “இவளத் தட்டினா பதில்தான் விழும்போல” என்று விடியலில் வந்து எழுப்பும் அம்மா சிரிப்பாள். அந்த அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

முதல் பாட்டு பதிவானபோது சின்னவள் முன்னால் மைக்கில், பெரியவள் பின்னால் கோரஸில். பள்ளிச் சீருடைகளைத் தைத்து முடித்துவிட்டு, கண்கூட மூடாமல் நேராக வந்திருந்தாள். ‘கடைசி வண்டி வருமா’ என்ற வரிக்கு அப்புறம் டிரம்பெட்டுக்காக ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த பெரியவளின் வாய், “வரும்மா” என்றது. டிரம்பெட்காரர் ஊத மறந்தார். “நான் கேள்விதானய்யா எழுதினேன், யாருய்யா அதுக்குப் பதில் சொன்னது?” என்று கவிஞர் குதித்தார். ஒலிப்பதிவாளர்தான் அதை ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு, “இது இருக்கட்டும்” என்றார்.

கூடிப்போன அந்த ஒரு ‘ம்’தான் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. வண்டி தாமதமானால், பரீட்சை முடிவு தாமதமானால், ஊரே ‘வரும்மா’ என்று இழுத்துப் பாடியது. இசைத்தட்டின் உறையில் சின்னவளின் முகம் மட்டும். வானொலிப் பேட்டியில், “அந்த ‘வரும்மா’ எப்படிங்க வந்தது?” என்று கேட்டார்கள். “தானா வந்துச்சு” என்று சின்னவள் சிரித்தாள். பெரியவள் கையிலிருந்த கத்தரி யாரோ ஒருவரின் புதுக் கால்சட்டையை முழங்காலோடு வெட்டிவிட்டது. அதோடு கோரஸை விட்டாள். இருந்தும், ஒருநாள் நிறுத்தத்தில் வண்டியைப் பற்றி அவள் விசாரித்தபோது, பக்கத்திலிருந்த பெண் அதே ராகத்தில் “வரும்மா” என்றாளே, அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தாள். அதை யாரிடம் சொல்வது?

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இசையமைப்பாளர் சொன்னார். “மேடம், வரி நல்லா வந்திருக்கு. ‘வரும்மா’வ மட்டும் தனியா பாடிடுங்க.”

“எனக்கு அது வராது தம்பி.”

“என்ன மேடம் இது, எத்தனை மேடையில…”

“எந்த மேடையிலயும் நான் பாடினதில்ல. அந்த இடம் வந்தா மைக்க ஜனங்க பக்கம் நீட்டிடுவேன்.”

மைக்கை நீட்டும் அந்தக் கை எல்லாப் பத்திரிகையிலும் வந்த படம். திமிர் என்றுதான் பெரியவள் நினைத்திருந்தாள்.

“தானா வந்துச்சுன்னு சொன்னியேடி” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட மெதுவாக வந்தது.

“தானாத்தானேக்கா வந்துச்சு. நீ தூங்கிட்டில்ல இருந்தே.”

“என் பேரச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்.” சின்னவள் வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாள். “ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அடுத்து கேப்பாங்க. அந்த ராத்திரியெல்லாம் சொல்லணும். அழுதுருவேன்க்கா.”

“அழுதிருந்தா என்னடி? நானும் சேர்ந்து அழுதிருப்பேன்ல.”

சின்னவள் குடுவையைக் கீழே வைத்தாள். பக்கத்து மைக்கைக் கையால் காட்டினாள்.

பெரியவள் வீறாப்பாக மறுத்திருக்கலாம். மைக் முன்னால் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இசை ஓடியது. தங்கையின் குரல் கரகரத்து, பழைய இடத்துக்கு எட்டாமல் கீழேயே நின்று கேட்டது. இடைவெளி வந்தது. பெரியவள் “வரும்மா” என்றாள். பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. மறுபடியும் எடுத்தார்கள், இன்னும் மோசம். இத்தனை வருஷம் தன்னுடையது என்று பொத்திவைத்திருந்த சொல் தனக்கே வரவில்லை என்பது அவளுக்கு அவமானமாக இருந்தது. “விடுடி, வயசாயிடுச்சு” என்று காதிலிருந்ததைக் கழற்றினாள்.

சின்னவள் இசையை நிறுத்தச் சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவின் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா,” என்றாள் ராகமில்லாமல். “அம்மா வருமா?”

பெரியவளின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. உதடு அசைந்தது. கண்ணாடிக்கு மேலே, பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த சின்னவளின் பாதங்கள் தேய்ப்பதை நிறுத்தியிருந்தன.