திரையில் வந்த வரி

கணக்கு மேடத்துக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே எரிந்தது. மாத்திரை போட்டும் அடங்கவில்லை. டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். காரமாவது ஒன்றாவது! அந்த எரிச்சலுக்குக் காரணம் எதிர் மேஜையில் உட்கார்ந்து சுளையாகப் பேரும் புகழும் வாங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் துறையில் எல்லோரும் சிட்டு என்பார்கள்; எதையும் எண்ணிக் குறித்துவைக்கிற இவளைக் கணக்கு மேடம் என்பார்கள்.

இரண்டு பேரும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள். ஒரே அறை, தலைக்கு மேலே இருவருக்கும் பொதுவாக ஒரு ஃபேன். ஆராய்ச்சியும் ஏறக்குறைய ஒன்றுதான்: பிள்ளை பெற்ற புதிதில் பெண்கள் மனசு என்ன பாடுபடுகிறது என்பது. ஆனால் செய்த விதம்தான் வேறு. கணக்கு மேடம் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "இது எதுக்கு, யார் படிப்பாங்க, வேண்டாம்னா எப்ப வேணா விலகிக்கலாம்" என்று ஒவ்வொருத்தியிடமும் பொறுமையாக விளக்கிச் சம்மதம் வாங்கினாள். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினவர்களும் உண்டு. துறை ஆபீசில் வேலை பார்க்கும் எழுத்தர், பிரசவ லீவு முடிந்து வந்த கையோடு அவளும் உட்கார்ந்து பதில் சொன்னாள். எல்லோருக்கும் அவள் தங்கச்சி. "நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன் மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மேடமும் அப்படியே குறித்துக்கொண்டாள்.

சிட்டு இடத்தை விட்டு அசையவில்லை. இணையத்தில் 'தூங்காத அம்மாக்கள்' என்று ஒரு குழு. யார் வேண்டுமானாலும் போய்ப் படிக்கலாம். டீயை உறிஞ்சிக்கொண்டே படித்தாள், பிடித்ததை எடுத்தாள், எழுதினவளின் பேரையும் ஊரையும் நீக்கிவிட்டுக் கட்டுரையில் போட்டாள். ஒருத்தியிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கட்டுரையை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதிலும் ஒரு வரி. பரிசு கொடுத்த மேடையில் அதை ஒருவர் வாசித்தார், கூட்டமே கண்ணைத் துடைத்தது. பத்திரிகையில் பெட்டி கட்டிப் போட்டார்கள். கணக்கு மேடம் அந்தப் பக்கத்தைப் பார்த்த வேகத்தில் திருப்பினாள். அந்த வரியை இரண்டாம் முறை படிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒருத்தி வாய்விட்டு அழுதது, இன்னொருத்திக்குப் பரிசாகக் கிடைக்கிறது. நம்மிடம் மட்டும் ஏன் ஒருத்தியும் இப்படிச் சொல்லவில்லை என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

அதுவரை "வாடி, போடி" என்று பழகினவள், பரிசுக்குப் பிறகு சிட்டுவை "நீங்க" என்றாள்.

"என்னக்கா, திடீர்னு மரியாதை?" என்றாள் சிட்டு.

"பெரிய இடத்துக்குப் போயிட்டீங்க. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துடணுமில்ல."

வீட்டில் அவள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "உன் வயித்தெரிச்சல்ல ஒரு பானைப் பால் காய்ச்சிடலாம். கேஸ் மிச்சம்."

"பொறாமைன்னு நினைக்கிறீங்களா? இது நியாயம்!"

"ரெண்டும் இருக்கட்டுமே. யார் வேண்டாம்னா?"

உண்மையில் நியாயமும் அவள் பக்கம் இருந்தது. அதுதான் வினையே. ஒரு நாள் சிட்டுவின் கட்டுரையிலிருந்து ஏதோ ஒரு வரியைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினாள். சட்டென்று குழுவின் பக்கம் திறந்தது. எழுதினவள் எங்கேயோ தையல்கடை வைத்திருப்பவள். போட்டோ, பேர், கடைக்குப் போகும் வழி உட்பட எல்லாம் இருந்தது. சிட்டு பேரை எடுத்தாளே தவிர, வார்த்தையை ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. பெண்ணுக்கு முக்காடு போட்டுவிட்டு வீட்டு விலாசத்தை நெற்றியில் ஒட்டின மாதிரி ஆகிவிட்டது.

'மாட்டினியாடி!' என்று கணக்கு மேடத்தின் மனசு துள்ளியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மற்ற வரிகளை அவள் தேடிப் பார்க்கவில்லை. அந்தப் பேர்போன வரியைத் தொடவே இல்லை. அன்றைக்கே நெறிமுறைக் குழுவுக்குப் புகார் போனது. ஆராய்ச்சியில் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் குழு அது. ஐயோ பாவம் அந்தத் தையல்காரி என்று ஒரு நிமிஷம் நினைத்தாளா? நினைத்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

குழு கூடிய அறையில் நீள மேஜை, சுவரில் வெள்ளைத் திரை. தலைவர் வயசான டாக்டர். பக்கத்தில் ஒரு வக்கீலம்மா. எதிரில் சிட்டு, முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் தங்கச்சி, கூட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுக்க. உள்ளே வரும்போது "குழந்தை எப்படிம்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். வழக்கம்போல அவள் சிரித்து, போனில் படம் காட்டினாள்.

வக்கீலம்மா ஆரம்பித்தார். "எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதினது. பொதுவுல எழுதினா பொதுதானே?"

கணக்கு மேடம் இதற்காகவே காத்திருந்தாள். "கடைத்தெருவுல ரெண்டு பேர் மனசு விட்டுப் பேசிட்டிருக்காங்க. காதுல விழுது. அதை மைக் வச்சு ஊருக்குச் சொல்லலாமா? அவங்க எழுதினது அவங்களை மாதிரி தூங்காத நாலு பேருக்காக. நமக்காக இல்ல."

"பேரை எடுத்துட்டேனே அக்கா," என்றாள் சிட்டு. "இப்படிக் கண்டுபிடிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. வார்த்தையை மாத்தினா உயிர் போயிடும்னு நினைச்சேன்."

"யார் உயிர்? கட்டுரையோட உயிரா?"

டாக்டர் தலையாட்டினார். பேச்சு மேடத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் வக்கீலம்மா, "ஒரு வரியை வச்சு ஆளையே பிடிச்சிட முடியுமா? நம்பவே முடியலையே" என்று இழுத்தார்.

"காட்டட்டுமா?" என்று மேடம் எழுந்துவிட்டாள்.

"அக்கா, வேண்டாம்," என்றாள் சிட்டு. "இங்க வேண்டாம். வேணும்னா சார்கிட்ட மட்டும் தனியா காட்டுங்க."

மேடத்துக்கு அது பயமாகத் தெரிந்தது. பயப்படட்டும்! எந்த வரியைப் போடலாம்? தையல்காரியின் வரி வாய்க்கு வந்தது. ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. கைதட்டு வாங்கின வரி இருக்கும்போது மற்றது எதற்கு? மேடையில் வாசித்தார்களே, அதையே போட்டு உடைக்கிறேன். கட்டுரையைப் புரட்டி அந்த வரியைக் கண்டுபிடித்து, திரையோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரில் டைப் அடிக்க ஆரம்பித்தாள். அது திரையில் எழுத்து எழுத்தாக வந்தது.

'பிள்ளை சிரிக்கும்போது வீடே சிரிக்குது. நான் மட்டும் வாசக்கதவையே பார்த்துட்டு...'

"மேடம்," என்றாள் தங்கச்சி. "அந்தத் திரைக்குப் போற வயர் லூசா இருக்கு. அப்புறம் பார்த்துக்கலாமே."

"நல்லாத்தான் வருது தங்கச்சி."

"இல்ல மேடம், காலையிலேயே தகராறு பண்ணுச்சு. நான் ஆளை வரச்சொல்றேன்." அவள் பாதி எழுந்துவிட்டாள். பேனா கீழே உருண்டது.

கணக்கு மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொறாமை கண்ணை மறைக்கும் என்பார்கள். அன்றைக்கு அது காதையும் சேர்த்து அடைத்துவிட்டது. "நீ உட்காரும்மா" என்று சொல்லி மிச்சத்தையும் அடித்துப் பட்டனைத் தட்டினாள்.

பக்கம் திறந்தது. 'நான் மட்டும் வாசக்கதவையே பார்த்துட்டு நிக்கிறேன். இவன் என் பிள்ளைன்னு மனசு ஒத்துக்க மாட்டேங்குது. போட்டோவில சிரிக்கப் பழகிட்டேன்.' மேலே வட்டத்துக்குள் ஒரு முகம். சற்று முன்னால் டாக்டரிடம் போனில் காட்டிய அதே படம், குழந்தையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு. அம்மாவின் முகத்தில் அதே சிரிப்பு.

வக்கீலம்மா திரையைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். கணக்கு மேடத்தின் விரல் பட்டனிலேயே இருந்தது. அணைக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை.

சிட்டுதான் எழுந்தாள். ஓடிப்போய் மேஜை மேலிருந்த புரொஜெக்டரின் முன்னால் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மறைத்தாள். திரை இருண்டது. தங்கச்சியின் முகம் சிட்டுவின் கையில் சின்னதாக, தலைகீழாகக் கிடந்தது. "மன்னிச்சிடு தங்கச்சி, நான் எடுத்தப்போ வேற பேர் இருந்துச்சு, படமும் இல்ல. நீதான்னு சத்தியமா எனக்குத் தெரியாது" என்று சிட்டு அழுதாள்.

அந்த நேரத்திலும் கணக்கு மேடத்துக்குச் சுருக்கென்றது. மறைக்கணும் என்றுகூட இவளுக்குத்தானே முதலில் தோன்றுகிறது! அப்படி நினைத்ததும் அவளுக்குத் தன்னையே பிடிக்கவில்லை. சட்டென்று கம்ப்யூட்டரின் மூடியைச் சாத்தினாள். சாத்தி என்ன பண்ண? பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது.

"புகார் சரிதான்," என்றார் டாக்டர், யார் முகத்தையும் பார்க்காமல். "நிரூபணம் ஆயிடுச்சு. கட்டுரையை வாபஸ் வாங்கணும்."

கணக்கு மேடம் ஜெயித்துவிட்டாள். இத்தனை மாசமாக அவள் கேட்டது இதைத்தான்.

தங்கச்சி குனிந்து கீழே கிடந்த பேனாவை எடுத்தாள். நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பழக்கத்தில் சிரிப்பு வந்தது. பாதியில் அதை நிறுத்தத் தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு கணக்கு மேடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதையும் குறிப்புல எழுதணுமே மேடம்," என்றாள். "பேரைப் போடட்டுமா, எடுத்துடட்டுமா?"