டொறத்திக்கு வந்த வான்தபால்

1985ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜெர்மனியின் பான் நகரத்தில் அல்பேர்ட் என்பவரின் தபால்தலைக் கடையில், பழைய வான்தபால் உறையொன்று மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பி அந்தரத்தில் நின்றது. மேசை துடைப்பதற்காக அதை எடுத்து வைத்த கமலநாயகிதான் முதலில் கண்டாள். காங்கேசன்துறைத் தபால் கந்தோரில் பதினாறு வருடம் முத்திரை குத்திவிட்டு, 1983 கலவரத்துக்குப் பிறகு கணவன் இராசலிங்கத்தோடு அகதியாக வந்தவள், அந்தக் கடையில் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைபட்ட உறைகளில் உண்மையாகவே விமானத்தில் பறந்தவை மட்டும் எழும்பின. போலி முத்திரை குத்தியவை அசையாமல் கிடந்தன. விமானியே கையொப்பமிட்டவை இன்னும் உயரப் போயின. அல்பேர்ட் சுவரில் ஓர் அடிக்கோலை ஆணியடித்து, உயரம் பார்த்து விலை எழுதத் தொடங்கினார். இரண்டு வருடத்துக்குள் தொலைவிலுள்ள கார்ல்ஸ்ரூஹே நகரத்திலிருந்தெல்லாம் சேகரிப்பாளர்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

1987 இலையுதிர் காலத்தில் வந்த உறை முகட்டில் முட்டியது. 1934இல் ஆல்ப்ஸ் பனியில் விழுந்து இறந்த விமானி ஒருவர் தன் கையாலேயே விலாசம் எழுதி, ஒட்டிய மடிப்பின் குறுக்கே கையொப்பமும் வைத்த கடிதம். பனிக்குள் புதைந்திருந்த தபால் பையை ஆடு மேய்க்கிற ஒருவர் கண்டெடுத்து, ஒவ்வொன்றாக விற்றுவிட்டார். உறை இன்னும் பிரிக்கப்படாததால்தான் அத்தனை விலை. பிரித்தால் கையொப்பம் கிழியும், விலையில் கால்வாசியும் தேறாது. ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு, தபால்காரர் தெருவுக்குள் வரும் நேரம், அது முகட்டை விட்டிறங்கி ரைன் ஆற்றுப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. சேரவேண்டிய இடத்துக்குப் போகத்தான் அது தவிக்கிறது என்று கமலநாயகிக்குப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்தைக் கடந்து, உறையிலிருந்த விலாசத்தைத் தேடிப் போனாள். அழைப்புமணிக்குப் பக்கத்தில் அதே பெயர் இருந்தது: டொறத்தி கிளைன்.

"அவ உயிரோடை இருக்கிறா. அந்தக் கடிதம் அவவின்ரை," என்றாள் இராசலிங்கத்திடம்.

"நீர் சும்மா இரும். எங்கட அசூல் அன்ட்ராக்குக்கு, அந்த அகதி விண்ணப்பத்துக்கு, கடிதம் எழுதித் தாறதே அந்தக் கடைக்கார மனுசன்தான். அவர் கைவிட்டால் எங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"ஓம், தெரியும். எண்டாலும், ஒரு ஆளின்ரை கடிதத்தை இன்னொரு ஆளுக்கு விக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்க என்னாலை ஏலாது."

மறுநாள் அந்த உறையை வாங்க கார்ல்ஸ்ரூஹேச் சேகரிப்பாளர் ஒருவர் வந்தார். அல்பேர்ட் கேட்டதற்கு மேலேயே கொடுக்க ஆயத்தமாக இருந்தார். கமலநாயகி துடைக்கும் துணியோடு இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். "இந்தக் கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை. சொந்தக்காரி அக்கரையில் இருக்கிறாள்," என்றாள் தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில். அல்பேர்ட்டின் முகம் சிவந்தது. அந்நேரம் தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. உறை கண்ணாடியில் போய் ஒட்டி, கூண்டுக் குருவிபோலப் படபடத்தது. அல்பேர்ட் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்தார்.

"மன்னிக்க வேண்டும். இது விற்பனைக்கு இல்லை," என்றார் கார்ல்ஸ்ரூஹேக்காரரிடம்.

கார்ல்ஸ்ரூஹேக்காரரும் சேர, மூவரும் பாலத்தில் நடந்தார்கள். உறை ஒரு முழம் முன்னால், நடைவேகத்தில் போனது. ரைன் காற்று அதைத் தொடவில்லை. எதிரே வந்தவர்கள் விலகி நின்றார்கள். ட்ராம் ஒன்று நின்று வழிவிட்டது.

டொறத்தி கதவைத் திறந்ததும் உறை அவர் கைக்குள் போய் அமர்ந்தது. எழுத்தைப் பார்த்ததும் யாருடையதென்று தெரிந்துகொண்டார். "உள்ளே வாருங்கள், குளிர்கிறது," என்றார். பாண் வெட்டும் கத்தியால் உறையைக் கிழித்தார். கையொப்பம் இரண்டாகப் பிளந்தபோது அல்பேர்ட் கண்களை மூடிக்கொண்டார். டொறத்தி இரண்டு தரம் வாசித்தார். பிறகு மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோப்பி போட எழுந்தவரின் கால்கள் நிலத்திலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நின்றன. கமலநாயகி தன்னையறியாமல் கைகூப்பினாள்.

அதற்குப் பிறகு டொறத்தி நிலத்தில் கால் வைக்கவில்லை. மேலே காலடிச் சத்தமே கேட்பதில்லை என்று கீழ்வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். அல்பேர்ட் ஒரு மாதம் கமலநாயகியோடு பேசவில்லை. ஆனால் அன்ட்ராக்குக்கான கடிதங்களைத் தவறாமல் எழுதிக் கொடுத்தார். 1989இல் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அந்த வாரச் சனிக்கிழமை இராசலிங்கம் மரம் அரியும் வாளும் பலகையும் கொண்டுபோய், கதிரையில் இருந்தாலும் மிதந்தபடியே இருக்கும் டொறத்திக்கு வசதியாக, அவருடைய கோப்பி மேசையை நான்கு விரற்கடை உயர்த்திக் கொடுத்தான்.