மாமன் தருவதாகச் சொன்ன கிட்னி

மகன் இளம்பரிதிக்குச் சிறுநீரில் ரத்தம் போனதிலிருந்து ராஜாத்திக்கு இருந்த ஒரே தைரியம் தம்பி மணிவேல்தான்.

"கெட்டா கெட்டுட்டுப் போவுதுக்கா, எனக்கு ரெண்டு கிட்னி இருக்குதுல்ல? மடியில வெச்சுக் காது குத்துன மாமன் எதுக்கு இருக்கறேன்?" என்று மத்திகிரி ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருந்தான். அவன் பேசுவதே அப்படித்தான். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை, காது மந்தம். ஓசூரில் பிரஸ் ஷாப் ஆளுக்குக் காது மந்தம் என்றால் ஏனென்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

பையனின் கிட்னியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு சாதாரண மைக்ரோஸ்கோப்பில் நன்றாகத்தான் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று அந்தப் படம் வந்திருந்தது.

டாக்டர் சுவாதி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "ரத்தத்தை வடிகட்டற சவ்வும்மா இது. ஒரே கோடா இருக்கணும். பாருங்க, பிரி பிரியா இருக்குது."

நைந்த கயிறு மாதிரிதான் இருந்தது.

"கிட்னி இப்ப நல்லா வேலை செய்யுது. ஆனா படம் இப்படி இருந்தா, இளவயசுலயே செயலிழக்க வாய்ப்பு அதிகம். மாத்திரையால தள்ளிப் போடலாம். உங்க வீட்ல யாருக்காவது காது கேக்காதா?"

"இல்லைங்க மேடம். தம்பிக்கு மட்டுந்தான். அது பிரஸ் சத்தத்துல போனது."

"வேலைக்குப் போறதுக்கு முன்னாடி?"

ஞாபகம் வந்ததை ராஜாத்தி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால் மணிவேல் திரும்ப மாட்டான். திமிர் என்று அடி விழும்.

"இது அம்மா வழியில வர்ற வியாதிம்மா, கிட்னியோட காதையும் சேத்துக் கெடுக்கும். தம்பிக்கும் இதுவா இருக்கலாம், அவர் கிட்னி குடுக்க முடியாது. அவரையே உடனே பாக்கணும். உங்களையும்."

வெளியே பெஞ்சில் மாமனும் மருமகனும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்கள். மணிவேலின் கால் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. நின்றே வேலை பார்ப்பதால் என்பான். அவளும் நம்பியிருந்தாள்.

"என்னக்கா சொன்னாங்க? எப்ப வேணாலும் எடுத்துக்கச் சொல்லு!" வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

ராஜாத்தி குனிந்து அவன் காதோரம் மெல்லச் சொன்னாள்.

"என்னா? சத்தமா சொல்லுக்கா."

இளம்பரிதி மெல்லுவதை நிறுத்தி அம்மாவின் முகத்தையே பார்த்தான். கத்தினால்தான் தம்பிக்குக் கேட்கும். கத்தினால் மகனுக்கும் கேட்கும்.