முன்வரிசையில் தயாநிதி

இராணுவத்தில் சேரப் போகிறேன் என்று யதுஷா சொன்ன அன்று, அவளுடைய தந்தை தயாநிதி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். சுவிற்சர்லாந்தில் பெண்களை யாரும் படைக்குக் கட்டாயப்படுத்துவதில்லை. இங்கே ஊஸ்டர் நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளை தானாக விரும்பிப் போகிறாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"போறதெண்டால் போ. அந்த உடுப்போட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"நான் போகத்தான் போறன், அப்பா. உடுப்பைக் கீழ மாத்திக்கொண்டு மேல வாறன்."

சொன்னபடியே செய்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் சீருடையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு படியேறினாள்.

மீட்புப் படையில் மேஜர் வரை உயர்ந்தாள். கோசோவோவில் அமைதிப் பணிக்குப் போய்ப் பதக்கத்தோடு திரும்பினாள். பிறகு ஒரு கோடையில் மலைக் கிராமம் ஒன்றில் மண் சரிந்தது. எல்லோரும் பின்வாங்க வேண்டும் என்று மேலிடம் உத்தரவிட்டது. கீழே ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்கிறது என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்து தோண்டினாள். நிலவறையில் அகப்பட்டிருந்த குடும்பத்தை உயிரோடு வெளியே எடுத்தாள். விசாரணையும் வந்தது, விருதும் வந்தது. இரண்டின்போதும் ஒரே மாதிரித்தான் நிமிர்ந்து நின்றாள்.

படையை விட்டு விலகியதும் அரசியலுக்கு அழைத்தார்கள். மாநிலப் பேரவை உறுப்பினராகி, இரண்டாம் தவணையில் அதன் தலைவராகத் தெரிவானாள். தலைவராகிறவருக்குச் சொந்த ஊரில் வரவேற்பு வைப்பது வழக்கம். அவளுடைய பழைய படைப்பிரிவு கொடியோடு மண்டபத்துக்குள் அணிவகுத்து வருவதாக ஏற்பாடு.

இதைக் கேட்ட தயாநிதி சொன்னார்: "வாறன். ஆனா பட்டாளம் உள்ள வந்தா நான் எழும்ப மாட்டன்."

"ஏனப்பா?"

இத்தனை வருடமும் சொல்லாததை அன்று சொன்னார். "யாழ்ப்பாணத்தில ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சு, இளம் பெடியள் எல்லாரும் எழும்புங்கோ எண்டாங்கள். என்ர தம்பி எழும்பினான். நான் பயத்தில சீற்றுக்குக் கீழ குனிஞ்சிருந்திட்டன். எழும்பினவங்களைக் கொண்டு போனாங்கள். பிறகு ஒருத்தரும் வரேல்லை."

யதுஷா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்ப இருங்கோ அப்பா. முன்வரிசையிலயே இருங்கோ."

விழா ஏற்பாட்டாளர் புருன்னருக்கு இது பிடிக்கவில்லை. பழகுவதற்கு நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் அவருக்கு. "பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். அப்பாவை மேல் மாடத்தில் உட்கார வைத்தால் யாருக்கும் தெரியாதே?" என்றார்.

"அவர் எனக்குப் பக்கத்தில் இருப்பார். அது முடியாதென்றால் விழாவே வேண்டாம்."

விழா நாளில் முரசு முழங்க, கொடி உள்ளே வந்தது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. தயாநிதி முழங்காலில் கைகளை ஊன்றி, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் ஒருவர் குனிந்து, "எழும்பு!" என்று சுவிஸ் ஜெர்மனில் உறுமினார்.

யதுஷா திரும்பினாள். மலைச்சரிவில் ஆட்களை ஏவிய அதே குரலில் சொன்னாள்: "இவர் என் அப்பா. உட்கார்ந்திருக்க விரும்புகிறார், உட்கார்ந்திருப்பார். உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் வாசல் அந்தப் பக்கம்."

அந்த மனிதர் போகவில்லை. நிமிர்ந்து கொடியைப் பார்த்து நின்றார்.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம்தான் வந்தது: நிற்கும் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். வசை மின்னஞ்சல்கள் குவிந்தன. ஒரு வருத்தம் தெரிவித்தால் விஷயம் முடிந்துவிடும் என்று கட்சியில் சொன்னார்கள். அவள் மறுத்தாள். அடுத்த தேர்தலில் கட்சிப் பட்டியலில் உன் பெயர் கீழே போய்விடும் என்றார்கள்.

"போகட்டும்" என்றாள்.

தயாநிதி தொலைபேசியில் அழைத்தார். "என்னால உனக்குக் கரைச்சலோ, பிள்ளை?"

"கரைச்சல்தான். நீங்கள் அதுக்காக எழும்பியிருப்பியளோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. அவளுடைய வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பேரவை கூடியது. உறுப்பினர் ஒருவர் எழுந்து, படையை அவமதித்ததற்குத் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீளமாகப் பேசினார். யதுஷா குறுக்கிடவில்லை. அவருக்குரிய நேரம் முழுவதையும் கொடுத்தாள். அவர் பேசி முடித்து, தலை நிமிர்ந்து காத்து நின்றார். சபை முழுவதும் அவள் முகத்தைப் பார்த்தது.

"கேட்க மாட்டேன்" என்றாள் யதுஷா. "அடுத்த விடயத்துக்குப் போவோம்."