பெஞ்சில் பறந்த மாடசாமி

இந்தக் காலத்து ஆட்களுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸில் சீட் இருந்தாலும் மிதிபலகையில் தொங்குவான். மிதிபலகையில் இடம் கிடைத்தால் கூரைக்கு ஏறுவான். கையில் நாலு காசு கூடினால் பிளேனில் ஏறி, அது ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து கீழே குதிப்பான். குதித்து எழும்பித் தோள் வலிக்கிறது என்பான். வலிக்காமல் வேறு என்ன செய்யும்?

மாடசாமியின் கருத்து இதுதான். அதை அவர் மருமகன் நிஷாந்தின் முகத்துக்கு நேரேயே சொன்னார். நிஷாந்துக்கு துபாய்ப் பக்கம் ஒரு கிளப்பில் வேலை. அங்கே பிளேனிலிருந்து குதிக்கிறவர்களின் பாராசூட்டை மடித்துப் பைக்குள் அடைப்பது அவன் பாடு. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் தங்கள் தேயிலைத் தோட்டத்தின் அம்மன் திருவிழாவுக்காக லீவு போட்டு வந்திருந்தான்.

"குடை மடிக்கவா மாப்ள துபாய் போனீங்க?"

"குடை இல்லீங்க மாமா. பாராசூட்."

"நனையாம இருக்க விரிக்கிறதும் குடைதான், சாகாம இருக்க விரிக்கிறதும் குடைதான். நீங்க குதிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க மாமா. எனக்கு உசரம் ஒத்துக்காது."

"அப்ப புத்தி இருக்கு. எம்மக தயானிய குடுத்தது வீண் போகல."

தோள் வலியைப் பற்றி மாடசாமி அவ்வளவு காரமாகப் பேசியதற்கு வேறு காரணம் இருந்தது. அவருக்கே தோள் வலி. மலையிலிருந்து கொழுந்து மூட்டை சுமந்து தேய்ந்த வலது தோள். பென்சன் வாங்கி வீட்டில் இருக்கும்போது வந்து பழி தீர்த்தது. கை காது மட்டத்துக்கு மேலே போகவில்லை. பெரியாயிதான் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள். கட்டிய பெண்சாதியிடமே, முதுகில் அரிப்பு, அதனால்தான் கையைத் தூக்கவில்லை என்று சொல்லி வைத்திருந்தார்.

வெளியே சொல்ல முடியாது. அம்மன் சப்பரத்தின் வலது முன்தண்டு அவருடையது. பெக்டரி முடக்கில் ரோடு வளையும்போது பாரமெல்லாம் அந்தத் தோளில்தான் வந்து உட்காரும். அந்த இடத்தைக் கல்யாணத்துக்கு முன்பிருந்து அவர் யாருக்கும் விட்டதில்லை. கீழ் லயத்து வரிசை வீட்டு ஆண்டியப்பன் அதன்மேல் கண் வைத்துப் பல காலம். ஒரு வருசம் பின்தண்டுக்காரன் ஒருவனுக்குத் தோள் நழுவி, அம்மன் தேயிலைச் செடிமேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து கோயில் கமிட்டி ஒரு சட்டம் போட்டது. திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தண்டுக்காரர் ஒவ்வொருவரும் வெறுந்தண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பூசாரி ஏற்றும் கற்பூரம் அணையும்வரை இறக்கக் கூடாது. இறக்கினால் தண்டு வேறு ஆளுக்கு.

நிஷாந்த் மூட்டை சுமக்காதவன்தான், ஆனால் கண் இருந்தது. மாமனார் ஆணியில் கிடந்த துண்டை இடது கையால் எட்டி எடுப்பதை இரண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டுவிட்டான்.

"மாமா, அது அரிப்பு இல்லீங்களே."

"கத்தாதீங்க மாப்ள."

"எங்க கிளப்புல இதான் பெரிய பிரச்சன. குதிச்சவங்க வயிறு கீழ பார்க்க விழுவாங்க. அடியிலிருந்து வர்ற காத்து கைய பின்னால தள்ளும். கைய நல்லா நீட்டி வச்சா தோள் பொருத்து விட்டுப்போகும். பொறகு இடுப்புக்குப் பின்னால இருக்கிற பிடிய இழுக்க கை வராது. இழுக்காட்டி பாராசூட் விரியாது."

"காத்து தள்ளுதுன்னா கைய பொக்கட்டுல போட்டுக்க வேண்டியதுதானே."

"அப்பிடி விழுந்தா உருண்டுருவாங்க மாமா. அதனால முழங்கைய மடக்கித்தான் வச்சிக்கிறது. குதிக்கிறதுக்கு முந்தி, தோளுக்குப் பின்னால இருக்கிற சதைய பலமாக்க தரையில படுத்து பழகுவாங்க. வலி உள்ளவன ஏத்தவே மாட்டாங்க."

"வலி இல்லாதவனத்தான் கூட்டிப் போய் தள்ளி விடுறானுக. நல்ல கிளப்பு."

இப்படிச் சொன்னவர்தான் அடுத்த நாள் பின்னேரம், பிள்ளைகளை எல்லாம் தாய்மார் கூட்டிப் போன பிறகு, பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் கிடந்த நீள பெஞ்சில் குப்புறப் படுத்தார். மருமகன் காட்டிய மாதிரியே தலையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலை மடித்துப் பாதத்தை மேலே நிறுத்தி, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, முதுகுச் சப்பையை நெருக்கி நெருக்கி விட்டார். பாரத்துக்கு ஒவ்வொரு கையிலும் ஒரு மீன் டின். நம்பிக்கை வந்து செய்யவில்லை. தண்டு தூக்க ஆண்டியப்பன் புதுத் துண்டு வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டதால் செய்தார்.

விறகு சுமந்து மேல்பாதையால் வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்ததும் விறகை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார்கள்.

அந்தத் தோட்டத்தில் திருவிழா நெருங்கும்போது ஒரு மனுசன் முகம் கீழே பார்க்க, கையை விரித்து, காலை மடித்துக் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பறவைக் காவடி. முதுகிலும் காலிலும் முள் குத்தி, லொறியில் கட்டிய மரத்திலிருந்து அப்படியே தொங்கிக்கொண்டு ஊர்வலம் போவது. மாடசாமி அதற்குப் பழகுகிறார். மீன் டின் மட்டும் கொஞ்ச நேரம் குழப்பியது. மீனை விட்டுவிட்டேன் என்று அம்மனுக்குக் காட்டுகிறார் என ஒருத்தி சொன்னதும் அதுவும் தெளிந்துபோயிற்று.

அவர் வீட்டுக்கு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. பெரியாயி மஞ்சள் தண்ணீர் தெளித்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"என்னத்த?"

"சொல்லக்கூடாதுன்னு வேண்டுதலா? சரி, சொல்லாதீங்க."

"அடியே, நான் ஒண்ணும் வேண்டல."

"நான்தான் சொல்லாதீங்கன்னு சொல்றேன்ல."

அன்று இரவுச் சோற்றில் மீன் இல்லை. அடுத்த நாளும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி கருவாடு பொரிப்பதையே நிறுத்திவிட்டாள். வாசனையாவது வரும் என்று இருந்த மனுசனுக்கு அதுவும் போயிற்று. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவரைக் கண்டால் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். கோயில் லவுட்ஸ்பீக்கர் பசறை ரோடுவரை கேட்கும்படி அவர் பேரைச் சொன்னது.

பறவைக் காவடி இல்லையென்று நாலு பேர் நடுவில் கத்தியிருக்கலாம். அப்படியானால் பெஞ்சில் ஏன் கிடந்தாய் என்று கேட்பார்கள். தோள் வலி என்றால் தண்டு போய்விடும். பொய் சொல்லலாம் என்றால், குப்புறப் படுத்து மீன் டின் தூக்குவதற்குப் பொருத்தமான பொய் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, தினமும் பின்னேரம் போய்ப் பெஞ்சில் கிடந்தார். மேல்பாதையில் கும்பிடும் கூட்டம் கூடிக்கொண்டே போனது.

பசறையிலிருந்து லொறிக்கார ஷுக்ரி வந்தார். காவடிக்கு வருசா வருசம் அவருடைய லொறிதான்.

"அண்ணே, ஒங்கட எடை எவ்வளவு? மரம் தாங்கோணும்."

"எனக்கு எடையே இல்ல, போங்க."

"அது பக்தி. நான் கிலோவ கேக்குறேன்."

கடைசியில் ஷுக்ரியும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்துக்கு அவர் போனபோது வலது முன்தண்டின் பக்கத்தில் ஆண்டியப்பன் நின்றான். தோளில் புதுத் துண்டு.

"நீங்க மேல போறீங்க அண்ணே," என்றான் பணிவாக. "கீழ யாராச்சும் நிக்கணும்ல."

"நான் எங்கயும் போகல. தள்ளு."

"மாடசாமி, ஒரு ஆளுக்கு ரெண்டு வேலையா?" என்றார் கமிட்டித் தலைவர். "லொறியில தொங்கிக்கிட்டே சப்பரத்த எப்பிடி தூக்குவீங்க?"

"கற்பூரத்த ஏத்தச் சொல்லுங்க."

பூசாரி ஏற்றினார். மாடசாமி தண்டைப் பிடித்தார். காது மட்டம் வந்ததும் தோள் இறுகியது. அம்மனையும் ஆண்டியப்பனையும் ஒருசேர நினைத்து ஒரு மூச்சு விட்டார். கை மேலே போயிற்று. தலையைத் தாண்டிப் போயிற்று. அங்கே விறைத்து நின்றது.

"முழங்கைய விறைக்காதீங்க மாமா," என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் நிஷாந்த்.

மடக்கினார். தானே மடக்க இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டார். பூசாரி அந்த வருசம் நல்ல கற்பூரமாகப் பார்த்து வாங்கியிருந்தார், அது லேசில் அணைகிற வழியாக இல்லை. ஆண்டியப்பன் குனிந்து துண்டைச் சரிசெய்கிற சாக்கில் மெதுவாக ஊதிக்கூடப் பார்த்தான், அது இன்னும் நன்றாக எரிந்தது. தான் யாருக்கு உதவப் பார்த்தோம் என்று அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. கடைசியில் அணைந்தபோது தண்டு மேலேதான் நின்றது.

"சரி, தண்டு உங்களோடதுதான்," என்றார் தலைவர். "அப்ப காவடி?"

"காவடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. தோள் வலிச்சுச்சு. அதுக்குப் பழகுனேன்."



"வலியா?" என்றான் ஆண்டியப்பன்.

"இருந்துச்சு. இப்ப இல்ல. இப்பதானே பாத்த."

"லவுட்ஸ்பீக்கர்ல சொல்லியாச்சு," என்றார் தலைவர். "ஷுக்ரி லொறியில வாழ மரம் கட்டியாச்சு. பக்கத்துத் தோட்டத்து ஆளுக வேற வர்றாங்க. தோளுக்கு யாராச்சும் அந்த மாதிரி படுப்பாங்களா?"

"மாப்ளய கேளுங்க. பிளேன்ல இருந்து விழுறவங்க படுக்கிறதாம்."

நிஷாந்துக்கு மாமனாரைக் காப்பாற்ற ஆசை. அன்னதானப் பெஞ்சில் ஏறிக் குப்புறப் படுத்தான். தலை தூக்கி, நெஞ்சு வளைத்து, கை விரித்து, கால் மடித்து, இம்மி பிசகாமல் காட்டினான். வாயைத் திறந்து காற்றைப் பற்றிச் சொல்ல வந்தான். அதற்குள் பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். பூசாரி ஓடிவந்து அவன் நெற்றியில் திருநீறு பூசினார். ஷுக்ரி பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இவரு லேசு," என்றார். "மரம் நல்லா தாங்கும்."

"ஐயோ, எனக்கு உசரம் ஒத்துக்காதுங்க."

"மாப்ளைக்குத் தோள் நல்ல பலம்," என்றார் மாடசாமி. மருமகன் பக்கம் பார்க்கவில்லை.

பூசாரி நியாயமான மனுசர். வேண்டுதல் இல்லாதவனுக்கு முள் குத்தக் கூடாது, சேலைத் துணியால் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். தயானி தன் கூறைச் சேலையைத் தரமாட்டேன் என்றாள். பெரியாயியின் பழைய சேலை வந்தது. ஒத்திகைக்கென்று அங்கேயே தூக்கினார்கள். தரையை விட்டுக் கால் எழும்பியதும் நிஷாந்த் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனால் கையும் காலும் தங்கள் பாட்டில் சரியான இடத்துக்குப் போய் நின்றன. லொறி முற்றத்தைச் சுற்றியது. குலவை நமுனுகுலயில் மோதித் திரும்பி வந்தது.

"மாமா," என்று மேலேயிருந்து கூப்பிட்டான். "தண்டு தூக்குனீங்கன்னு விட்டுறாதீங்க. நாளைக்கும் செய்யணும். விட்டா வலி திரும்பி வரும்."

"நீங்க மொதல்ல கண்ணத் தொறங்க மாப்ள."

ஆண்டியப்பன் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அது எப்பிடி செய்யிறது? எனக்கு இடது பக்கம் ராவுல ஒரே குடைச்சல்."

"அதுல ஒரு மண்ணும் இல்ல. சும்மா கிடந்தேன். வந்த வலி தானா போச்சு."

"மாப்ள சொல்றாரே."

"அவரு மேல தொங்கிக்கிட்டு சொல்றாரு. கேக்கணும்னா நீ கேளு."

லொறி இரண்டாவது சுற்றுக்குத் திரும்பியது. மாடசாமி துண்டை உதறி வலது தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் பாதையில் இறங்கினார். பிளேனிலிருந்து குதிக்கிறவனைப் பார்த்துப் படித்த வைத்தியத்தில் ஒரு தோள் சரியாகும் என்றால், அந்தத் தோளில் முதலிலேயே ஒன்றும் இருந்திருக்காது. இதைத்தான் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு போனார், திரும்பிப் பார்க்கவே இல்லை.